எட்டு மணி முதல் பத்து மணி வரை

அந்தக் கோப்பை நான்தான் தயாரித்தேன். நாற்பத்தாறு பக்கம். புனேயில், ஹிஞ்சவடியில் எங்கள் அலுவலக வாசலுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, சுருள் கம்பி போட்டு, முன்னால் கண்ணாடி அட்டையும் பின்னால் நீல அட்டையும் வைத்து வாங்கினேன். கடைக்காரர் நான்கு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு, "காலேஜ் புராஜெக்ட்டா மேடம்?" என்று இந்தியில் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

என் மகளுக்கு ஏழு வயது. வாகடில் எங்கள் குடியிருப்பிலிருந்து பத்து நிமிட தூரத்தில் இருக்கும் பள்ளியில் முதல் வகுப்பு. ஆட்டிசம் என்று அவளுடைய மூன்றரை வயதில் சொன்னார்கள். அந்த நாற்பத்தாறு பக்கமும் அவளைப் பற்றியதுதான். அதைப் பள்ளியில் கொடுத்தால் வகுப்பில் அவள் பக்கத்தில் உட்கார ஒரு துணை ஆசிரியரைத் தருவார்கள், அவள் அந்தப் பள்ளியிலேயே இரண்டாம் வகுப்புக்குப் போவாள் என்று நம்பினேன்.

நம்பியதற்குக் காரணம் என் வேலை. நான் மென்பொருள் சோதிப்பவள். மற்றவர்கள் கட்டியது எங்கே உடைகிறது என்று கண்டுபிடித்து எழுதிக் கொடுக்க வேண்டும். எப்போது உடைந்தது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, மறுபடியும் அதேபோல் நடக்கிறதா, எவ்வளவு தீவிரம். இந்த நான்கையும் சரியாக எழுதிவிட்டால் சரிசெய்ய வேண்டியவர் தட்டிக்கழிக்க முடியாது. தீவிரம் ஒன்று என்று போட்டால் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஒழுங்காக ஓடுகிற பகுதிக்கு ஒரு பச்சைக் குறி போதும். அதைப் பற்றி யாரும் பக்கம் பக்கமாக எழுதுவதில்லை. பத்து வருடமாக எனக்குச் சோறு போடுவது இந்தப் பழக்கம்தான்.

கோப்பு தேவைப்பட்டது டோல் என்ற பெரிய மேளத்தின் சத்தத்தால். புனேயில் கணபதி விழாவுக்கு இரண்டு மாதம் முன்பே பயிற்சி தொடங்கிவிடும். பாலத்தடியில், ஆற்றங்கரையில், காலி மனையில், எங்கே பார்த்தாலும் இடுப்பில் டோல் கட்டிய கூட்டம். வீட்டில் ஜன்னல்களை மூடி, மின்விசிறியை வேகமாக வைத்து, அவள் காதில் ஹெட்போன் மாட்டிச் சமாளித்தோம். அந்த வருடம் பள்ளியிலும் பெரிய வகுப்புப் பிள்ளைகள் டோல் குழு ஆரம்பித்தார்கள். பயிற்சி மைதானத்தில். முதல் வகுப்பு மைதானத்தை ஒட்டித் தரைத்தளத்தில். மூன்றாம் நாள் அவள் வகுப்பை விட்டு ஓடி வாசல் கேட் வரை போய்விட்டாள். பிடித்து நிறுத்திய வகுப்பு ஆசிரியையின் மணிக்கட்டில் கடித்துவிட்டாள். பல் பதிந்த படம் எனக்கு வாட்ஸப்பில் வந்தது. அதன் கீழே, முதல்வரை வந்து பார்க்கவும்.

முதல் கூட்டத்துக்கு நான் தனியாகத்தான் போனேன். முதல்வர், வகுப்பு ஆசிரியை, சிறப்புக் கல்வியாளர் என்று மூன்று பேர். எல்லாரும் பெண்கள், எல்லாரும் மரியாதையாகப் பேசினார்கள். சிறப்புக் கல்வியாளர் என்னைவிட வயதில் சின்னவள். வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் வருவாள்; பள்ளி முழுவதற்கும் அவள் ஒருத்திதான். நான் பேசும்போதெல்லாம் தலையை ஆட்டினாள், முதல்வர் பேசும்போது குனிந்துகொண்டாள்.

நான் மூன்று விஷயம் கேட்டேன். துணை ஆசிரியர், முழு நேரம் முடியாவிட்டால் பாதி நேரம். டோல் தொடங்க ஐந்து நிமிடம் முன்பே அவளைக் கட்டடத்தின் பின்பக்க அறைக்கு அழைத்துப்போவது. எதற்குப் பிறகு எது என்று அன்றைய நாளைப் படமாக வரைந்து அவள் மேஜையில் ஒட்டுவது. மூன்றாவதை நானே வரைந்து லேமினேட் செய்து கையோடு கொண்டுபோயிருந்தேன். முதல்வர் அதை இரண்டு கையாலும் வாங்கி, "ரொம்ப அழகா இருக்கு" என்று இந்தியில் சொன்னார். பிறகு ஆங்கிலத்தில், "நீங்கள் எல்லாவற்றையும் எழுத்தில் கொடுங்கள், மேம். அவளுக்கு எப்போதெல்லாம் கஷ்டம், என்ன ஆகிறது, எவ்வளவு நேரம். முழுசாக. நிர்வாகக் குழுவில் வைக்க எனக்கு ஏதாவது வேண்டுமில்லையா?" என்றார்.

எழுத்தில் என்றதும் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அழத் தெரியாது, சண்டை போடத் தெரியாது, யாரையும் தெரியாது. எழுதத் தெரியும்.

ஜூன் முதல் வகுப்பு ஆசிரியை அனுப்பிய வாட்ஸப் செய்திகள் எல்லாவற்றையும் எடுத்தேன். "இன்று பதினொரு மணிக்கு மிகவும் அழுதாள்." "கணக்கு வகுப்பில் மேஜைக்கடியில் போய்விட்டாள்." அவர் போகிற போக்கில் தட்டியவை. நான் அவற்றை எண்ணுவேன் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். வீட்டில் நடந்ததையும் சேர்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு வரிசை. நேரம், முன்னால் நடந்தது, அவள் செய்தது, நாங்கள் செய்தது, எத்தனை நிமிடம், தீவிரம் ஒன்று முதல் நான்கு வரை. கடைசியில் ஒரு வரைபடம்: காலை எட்டு மணி முதல் எந்த நேரத்தில் எத்தனை முறை. கோடு முதல் இரண்டு மணி நேரம் தரையோடு தரையாகப் போய், பிறகு மெல்ல ஏறும். அந்தக் கோட்டைப் பார்த்து எனக்குப் பெருமை. இதோ, பத்து மணிக்குப் பிறகுதான் இவளுக்கு ஆள் வேண்டும் என்று ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவர் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். அவருக்கும் எனக்கும் கோயம்புத்தூர்தான்.

"ஏம்புள்ள, இதென்ன, செருப்பு அடுக்கறதக்கூட எழுதி வெச்சிருக்கற?"

மகள் தினமும் வீட்டு வாசலில் எங்கள் செருப்பு, ஷூ எல்லாவற்றையும் ஜோடி சேர்த்து, நுனி சுவரைப் பார்க்கும்படி அடுக்குவாள். முடியும் வரை உள்ளே வர மாட்டாள். தடுத்தால் அழுகை. பத்தொன்பதாம் பக்கத்தில் அதை எழுதியிருந்தேன். தீவிரம் மூன்று.

"தடுத்தா இருபது நிமிஷம் அழுகறா. அது டேட்டாங்க."

"நம்ம ஏன் தடுக்கறோம்? வீட்டுல ஒருத்தியாவது செருப்ப ஒழுங்கா உடறாளேன்னு நானே சந்தோசப்பட்டுட்டு இருக்கறேன்."

"கல்லு காயுது, போய்ப் பாருங்க."

போகாமல் இன்னும் இரண்டு பக்கம் தள்ளிப் பார்த்தார். "நாப்பத்தாறு பக்கத்துல நல்லதா ஒரு வரி இல்லையே."

"நல்லா இருக்கறதுக்கு யாருங்க உதவிக்கு ஆள் குடுப்பாங்க?"

"அதுஞ் செரிதான்" என்று சொல்லிவிட்டுத் தோசை வார்க்கப் போனார். அவரும் மென்பொருள்காரர்தான். எங்கள் இரண்டு பேருக்கும் அது சரியாகத்தான் பட்டது.

இரண்டாவது கூட்டம் ஒரு புதன்கிழமை. அவரும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். வெளியே நீல பிளாஸ்டிக் நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். உள்ளே போனபோது என் கோப்பு முதல்வரின் மேஜை நடுவில் இருந்தது. ஓரங்களில் மஞ்சள் ஒட்டுச்சீட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. படித்திருக்கிறார்கள் என்று எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது.

"இப்படி ஒரு தாயை நான் பார்த்ததில்லை, மேம். எவ்வளவு நேர்மை" என்று முதல்வர் ஆரம்பித்தார். பிறகு மஞ்சள் சீட்டு ஒட்டிய பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தார். என் வாக்கியங்கள். நான் அலுவலகத்தில் எழுதுகிற மாதிரியே ஈரமில்லாத, குறுகிய வாக்கியங்கள். காரணமின்றி ஓடுகிறாள். எச்சரிக்கை இல்லை. கடிக்கிறாள். சமாதானமாக நாற்பது நிமிடம். "தீவிரம் ஒன்று என்று நீங்களே பதினோரு இடத்தில் போட்டிருக்கிறீர்கள். அதாவது மிக அதிகம், இல்லையா?"

"ஆமாம். ஆனால் அது எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்பதற்காக..."

"புரிகிறது. இவ்வளவையும் தெரிந்த பிறகு அவளை நாள் முழுக்க வைத்துக்கொண்டால் அது எங்கள் பொறுப்பாகிவிடும். மற்ற முப்பத்தைந்து குழந்தைகள் இருக்கிறார்கள். துணை ஆசிரியர் விண்ணப்பத்தைக் குழு பார்த்தது. இந்த அளவு தேவைக்கு ஒரு துணை ஆசிரியர் போதாது என்று நினைக்கிறார்கள்."

நான் சிறப்புக் கல்வியாளரைப் பார்த்தேன். அவள் தன் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

முதல்வர் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். வரைபடத்தை எங்கள் பக்கம் திருப்பினார். விரலைக் கோட்டின் மேல் வைத்து, அது ஏறத் தொடங்கும் இடத்தில் நிறுத்தினார். "உங்கள் வரைபடமே வழி சொல்கிறது. எட்டிலிருந்து பத்து வரை அவள் நன்றாக இருக்கிறாள். திங்கட்கிழமை முதல் அந்த இரண்டு மணி நேரம் வரட்டும். இந்த வருடம் முடியட்டும். அதற்குள் அவளுக்கென்றே இருக்கும் ஒரு பள்ளியைப் பார்த்துவிடுங்கள். இது அவளுடைய நல்லதுக்குத்தான்."

எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். வெளிநாட்டுக்காரர்களோடு தினமும் பேசுகிறேன். அன்று ஒரு முழு வாக்கியம் வரவில்லை. கோப்பைத் திருப்பித் தர முடியுமா என்று மட்டும் கேட்டேன். அது இனி அவளுடைய பதிவேட்டில் இருக்க வேண்டும் என்றார் முதல்வர்.

வண்டி நிறுத்துமிடத்தில் என் கணவர் எதையும் சொல்லிக்காட்டவில்லை. "தண்ணி குடிக்கறயா?" என்று கேட்டு பாட்டிலை நீட்டினார். மூடியைத் திறந்துதான் நீட்டினார். நான் குடித்து முடிக்கும் வரை சாவியைப் போடவில்லை.

வெள்ளிக்கிழமை அவளுடைய கடைசி முழு நாள். முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்டு ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு, காலை பத்தரை மணிக்குப் போனேன். அலுவலக அறைக்குப் போகும் வழியில் கூடம் இருக்கிறது. சின்ன வகுப்புகளுக்கு அது டப்பா நேரம். பிள்ளைகள் வெளியே ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே ஜமக்காளத்தில் வரிசையாக உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார்கள். எனக்கு அது தெரியாது. அந்த நேரத்தில் நான் எப்போதும் அலுவலகத்தில் இருப்பேன்.

கூடத்துக்கு வெளியே என் மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி ஒரே மாதிரிக் கறுப்பு ஷூக்கள், எழுபதுக்குக் குறையாது. ஒவ்வொன்றாக எடுத்து, உள்பக்கம் ஒரு தடவை பார்த்து, ஜோடி சேர்த்து, இரும்பு அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மாவ்ஷி நின்றிருந்தாள். இங்கே பள்ளிகளில் பிள்ளைகளைக் கழிவறைக்குக் கூட்டிப்போய், மூக்கைத் துடைத்து, டப்பா திறந்து கொடுக்கும் பெண்களை மாவ்ஷி என்றுதான் கூப்பிடுவார்கள். மாவ்ஷி என்றால் சித்தி. பச்சைப் புடவை, என் வயதுதான் இருக்கும். நான் மகளை நோக்கிப் போனதும் கையை நீட்டித் தடுத்தாள்.

"இருங்க தாயீ, இன்னும் அஞ்சாறு ஜோடிதான்." அக்கா என்பதற்கு மராத்தியில் தாயீ. அவள் பேசியது பாதி இந்தி, பாதி மராத்தி.

"தினமும் செய்யறாளா?"

"தெனமும். இவளுக்கு எது யாரோடதுன்னு தெரியும். எனக்கே தெரியாது, எல்லாம் ஒரே கறுப்பு! போன வருஷமெல்லாம் ஒருத்தன் ஷூவை இன்னொருத்தன் மாட்டிட்டுப் போயிருவான். மறுநாள் அம்மாமாருங்க வந்து என்னைத்தான் கத்துவாங்க. இந்த வருஷம் ஒரு ஜோடிகூட மாறல. கேட்டுப் பாருங்க." அவள் சிரித்தாள். "பிள்ளைங்க சாப்பிட்டு வந்து வரிசையில நிப்பாங்க. இவதான் எடுத்துக் குடுப்பா. யாரும் தள்ள மாட்டாங்க. இத முடிச்சுட்டுத்தான் சாப்பிடுவா. முடிச்சா அன்னைக்கு மணி அடிக்கற வரைக்கும் ஒரு சத்தம் கிடையாது. பாதியில இழுத்துட்டுப் போற நாள்லதான் அழுவா, ஓடப் பாப்பா. டோல் அடிக்கற நாள்ல இத செய்ய விடாம வகுப்புலயே சாப்பிட வெச்சுட்டாங்க. அன்னைக்குத்தான் ஓடிட்டா."

டோல் இல்லாத நாட்களுக்கு நான் எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது. காரணமின்றி ஓடுகிறாள்.

"இத ஏன் யாருமே எனக்குச் சொல்லல?"

"என்னை யாரு கேட்டா, தாயீ?"

"முதல்வர்கிட்ட நீங்க சொல்லுங்க. இப்பவே. நானும் கூட வரேன்."

அவள் முகம் மாறிவிட்டது. இரண்டு பக்கமும் பார்த்தாள். "நான் சொல்றதா? என்னை காண்ட்ராக்ட்ல அனுப்பியிருக்காங்க. உள்ள போய்ப் பேசினா நாளைக்கு வேற பள்ளிக்கூடத்துக்கு மாத்திருவாங்க. நீங்க படிச்சவங்க. நீங்கதானே அவ்ளோ பெரிய புஸ்தகம் எழுதிக் குடுத்தீங்கன்னு சொன்னாங்க. அதுல இத எழுதலையா?"

மகள் கடைசி ஜோடியை வைத்துவிட்டு, எழுந்து, பாவாடையைத் தட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே கூடத்துக்குள் சாப்பிடப் போனாள்.

அன்று முதல்வர் என்னைப் பத்து நிமிடம் காக்க வைத்தார், அவ்வளவுதான். மாவ்ஷியை இழுக்காமல், நானே பார்த்ததாகச் சொன்னேன். ஷூ அடுக்கும் நாளில் அவள் அமைதியாக இருக்கிறாள், தயவுசெய்து ஒரு வாரம் அந்த நேரத்தைக் கவனித்துப் பாருங்கள், பன்னிரண்டு மணி வரையாவது விடுங்கள். முதல்வர் உண்மையிலேயே காது கொடுத்துக் கேட்டார். பிறகு அலமாரியிலிருந்து என் கோப்பை எடுத்தார். பத்தொன்பதாம் பக்கம். அங்கேயும் ஒரு மஞ்சள் சீட்டு.

"காலணிகளை அடுக்குகிறாள். தடுத்தால் இருபது நிமிட அழுகை. தீவிரம் மூன்று." படித்துவிட்டு மூடினார். "நீங்களே இதைப் பிரச்சினை என்று எழுதியிருக்கிறீர்கள், மேம். இப்போது இதை வைத்து நான் குழுவிடம் எப்படிப் பேசுவது?"

கடிதத்தை வாங்கிக்கொண்டார். கீழே வாங்கியதற்கு முத்திரைகூடப் போட்டுக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு நான் போன இடங்களின் பட்டியல் என் போனில் இருக்கிறது. கல்வி அலுவலகம், மூன்று முறை. எந்தக் குழந்தையையும் மறுக்கக் கூடாது என்று சட்டம் இருப்பதை அங்கிருந்த அதிகாரி ஒத்துக்கொண்டார். "ஆனா அவங்க மறுக்கலையே மேடம், நேரத்தத்தானே குறைச்சிருக்காங்க? எழுத்துல என்ன இருக்கு?" எழுத்தில் இருந்தது என் கோப்பு. ஊனச் சான்றிதழுக்காக அரசு மருத்துவமனை, இரண்டு முறை. கோர்படி பக்கம் ஒரு சிறப்புப் பள்ளி. வாகடிலிருந்து காலை நேரத்தில் ஒன்றரை மணி நேரம். அங்கே நல்ல மனிதர்கள், இடம் இல்லை, காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதிக்கொண்டார்கள். வேறு இரண்டு பள்ளிகளில் முந்தைய பள்ளியின் பதிவேட்டைக் கேட்டார்கள். கொடுத்தோம். பிறகு அவர்கள் கூப்பிடவில்லை.

ஒரு வாரம் வேறொரு கோப்பு எழுதிப் பார்த்தேன். அவளுக்கு என்னென்ன வரும் என்று. முதல் வரிசையில் ஷூ என்று எழுதினேன். ஏழு வயதுப் பெண்ணின் அம்மா நான். இரண்டாவது வரிசைக்கு நெடுநேரம் யோசிக்க வேண்டியிருந்தது. சமையலறையிலிருந்து என் கணவர், "அரிசி களையறது. நம்மள விட சுத்தமா களைவா. எழுதிக்கோ" என்றார். எழுதிக்கொண்டேன். பன்னிரண்டு வரிசை ஆனது. எடுத்துக்கொண்டு போனபோது முதல்வர் விடுப்பில் இருந்தார். அலுவலகப் பெண், "ஃபைல்ல சேத்துடறோம்" என்று சொல்லி வாங்கிக்கொண்டாள்.

இப்போது நான் காலையில் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். ஒன்பது ஐம்பதுக்கு மடிக்கணினியை மூடிவிட்டு நடக்கிறேன். பத்து மணிக்கு மாவ்ஷி அவளை வகுப்பிலிருந்து கூட்டிவருவாள். வழியில் கூடம். டப்பா நேரத்துக்கு இன்னும் அரை மணி இருக்கிறது. இரும்பு அலமாரி காலியாக இருக்கும். அவள் அதன் முன்னால் நின்றுவிடுவாள்.

முதல் வாரம் அழுதாள். இப்போது அழுவதில்லை, நிற்கிறாள். மாவ்ஷி ஒரு நாள் பொறுக்க முடியாமல் தன் செருப்பைக் கழற்றிக் கோணலாகப் போட்டாள். மகள் குனிந்து அதைச் சேர்த்து அலமாரியில் வைத்தாள். நானும் என்னுடையதைக் கழற்றிப் போட்டேன். அதையும் வைத்தாள். இரண்டு ஜோடிக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பிறகு மூடியிருக்கும் வகுப்புக் கதவுகளைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே அவள் வகுப்பு ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. ஒருவரும் வரவில்லை.

"மேடம், பத்தாச்சு. கேட் மூடணும்" என்று காவலாளி குரல் கொடுத்தார்.

"போலாமா கண்ணு?" என்றேன்.

அவள் அலமாரியின் கீழ்த்தட்டைக் கையால் ஒரு தடவை துடைத்தாள். மூன்றாவது ஜோடிக்கு.